ஹாலுக்கு அடியில் ஓடும் ரயிலை என்ன செய்வது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும், ஒரே இருபது விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தேன். 1950-களில் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் பதிவான ஒரு மோனோ (ஒற்றைச் சேனல்) எல்பி இசைத்தட்டு. வயலின்கள் எல்லாம் அடங்கி, வாசிக்கிறவர்கள் மூச்சுவிடுவதுகூடக் கேட்டுவிடுமோ என்கிற அளவுக்கு இசை இறங்கி வருகிற இடம். அங்கே அடியில் ஒரு உறுமல். காதுக்குக் கேட்பதைவிட நெஞ்சுக்குத் தெரிகிற மாதிரியான சத்தம். எங்கிருந்தோ வருகிறது, கொஞ்சம் பெருகுகிறது, அப்படியே தேய்ந்து போய்விடுகிறது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன், அதிலும் இருக்கிறது. "ஏங்க, எத்தனை தடவை அதே எடத்தையே போடுவீங்க? பாட்டு புடிக்கலன்னா வேற ஏதாவது போடுங்களேன்" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. பாட்டைக் கேட்கவில்லை, பாட்டுக்கு அடியில் இருப்பதைக் கேட்கிறேன் என்று சொன்னேன். அதற்குப் பதில் வரவில்லை, கதவு சாத்துகிற சத்தம்தான் வந்தது.

எந்தத் தட்டு என்று இங்கே எழுதப்போவதில்லை. சொன்னால் அப்புறம் உங்களுக்கும் அதில் அந்த உறுமல் மட்டும்தான் கேட்கும்.

பழைய எல்பிகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிற வேலையை இந்த மூன்று வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். எல்லாம் பிரிட்டிஷ் சங்கீதம்: எல்கர், வான் வில்லியம்ஸ், ஹோல்ஸ்ட், டீலியஸ், வால்டன், பேக்ஸ். நான் தேடிப் போய்ச் சேர்த்தவை இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியின் கணவர் வைத்துவிட்டுப் போனவை. பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது, என் பெயரை முழுசாகச் சொல்ல வராது, முதல் இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொள்வார். ஒருநாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, எங்கள் வீட்டுச் சுவர் வழியாகச் சாயங்காலத்தில் பாட்டுச் சத்தம் வருகிறதே, நீ சங்கீதம் கேட்கிற ஆளா என்று கேட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்துத் தயங்கித் தயங்கி ஆமாம் என்றேன். உள்ளே கூட்டிப் போய் ஒரு அறையைக் காட்டினார். சுவர் முழுக்க எல்பி. இதையெல்லாம் சாரிட்டி கடையில் கொண்டுபோய்ப் போடச் சொல்கிறான் மகன், அதற்கு முன்னால் இதில் இருப்பதை அந்தச் சின்னக் குச்சியில் ஏற்றித் தர முடியுமா என்றார். சின்னக் குச்சி என்றால் யுஎஸ்பி. முடியும் என்று சொன்னேன். எத்தனை தட்டு என்று எண்ணிப் பார்க்காமல் சொன்னேன், அதுதான் தப்பு.

முதலில் எடுத்தது, எல்லோரும் எடுப்பது போல, எல்கரின் செல்லோ கான்செர்ட்டோ. ஜாக்குலின் டு ப்ரே வாசித்து, ஜான் பார்பிரோலி ஆர்கெஸ்ட்ராவை நடத்தி, 1965 ஆகஸ்ட் 19 அன்று இதே கிங்ஸ்வே ஹாலில் பதிவானது. அப்போது அந்தப் பெண்ணுக்கு இருபது வயது. இந்தச் சங்கீதம் பற்றி ஒன்றுமே தெரியாத ஆள்கூட அந்தத் தொடக்கத்தைக் கேட்டிருப்பார்: செல்லோ தனியாக, வேறு யாரும் துணைக்கு இல்லாமல், அறைந்த மாதிரி நாலு ஸ்வரக்கட்டு.

அதை நான் கொன்றேன். தட்டு கொஞ்சம் கரகரத்தது. மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க ஒரு வசதி இருக்கிறது. பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் வெறும் பள்ளத்தில் ஊசி ஓடுகிற சத்தத்தை மாதிரியாகக் காட்டினால், அதே போன்றதை முழுப் பதிவிலிருந்தும் உருவி எடுத்துவிடும். ஆர்வக்கோளாறில் அளவைக் கூட்டி வைத்து உருவினேன். கரகரப்பு போயே போய்விட்டது. கூடவே வில் தந்தியில் கடிக்கிற அந்த முரட்டுத்தனமும் போய்விட்டது, ஒரு ஸ்வரம் முடிந்த பிறகு ஹாலுக்குள் சுற்றிவிட்டு வருகிற மிச்ச ஒலியும் போய்விட்டது. போர்வைக்குள் உட்கார்ந்து வாசித்த மாதிரி இருந்தது. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் ஒரு செத்த மௌனம். கச்சேரி நடுவில் யாரோ தம்புராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் எப்படி இருக்குமோ அப்படி. அதைவிட மோசம், அமைதியான இடங்களில் தண்ணீருக்கு அடியில் மணி ஆட்டுகிற மாதிரி ஒரு புது இரைச்சல். தட்டில் இல்லாத இரைச்சல், நானே உண்டாக்கியது.

ஆனால் அதை மூன்று நாள் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் வெட்கம். கரகரப்பு இல்லை பார் என்று ஒரு நண்பனுக்கு வேறு அனுப்பினேன். அவன் கேட்டுவிட்டு, "ஏன்டா, ஃபோன்ல பேசற மாதிரி இருக்கு?" என்றான்.

இன்னொரு கேள்வியை அவன் கேட்கவில்லை, நானே பிறகு கேட்டுக்கொண்டேன். இந்தப் பதிவை நான் எதற்கு மாற்ற வேண்டும்? மூல நாடா இருக்கிறது, அதிலிருந்து எத்தனையோ முறை சிடி வந்தாயிற்று, இப்போது ஃபோனிலேயே கேட்கலாம். தேய்ந்த தட்டிலிருந்து நான் எடுப்பது எந்தக் காலத்திலும் அதற்கு ஈடாகாது. தட்டிலிருந்து மாற்றுகிற வேலைக்கு அர்த்தம் வருவது தட்டைத் தவிர வேறு எளிய வழி இல்லாதபோதுதான். லைரிட்டா என்று ஒரு கம்பெனி, ரிச்சர்ட் இட்டர் என்பவர் 1959-ல் பக்கிங்ஹாம்ஷயரில் பர்ன்ஹாம் என்கிற ஊரில் ஆரம்பித்தது. முதலில் தன் வீட்டு இசை அறையிலேயே பியானோ பதிவுகள். அப்புறம் மெல்ல வளர்ந்து, டெக்கா என்கிற பெரிய கம்பெனியின் ஒலிப்பதிவாளர்களையே அமர்த்தி, பெரிய கம்பெனிகள் சீந்தாத பேக்ஸ், ஜான் அயர்லாந்து, மோரன் போன்ற இசையமைப்பாளர்களுக்கெல்லாம் முழு ஆர்கெஸ்ட்ரா வைத்து அற்புதமான தட்டுகள் போட்டார். சிடி காலம் வந்த பிறகு அவற்றில் பெரும்பாலானவை சிடியாக வரவே இல்லை. 2006-க்குப் பிறகுதான் மளமளவென்று வந்தன. அதுவரை ஏறத்தாழ இருபது வருஷம், மோரனின் சிம்பொனியை ஏட்ரியன் போல்ட் என்கிற நடத்துனர் நடத்திக் கேட்க வேண்டுமென்றால் தட்டைத்தான் தேட வேண்டும். வீட்டில் உட்கார்ந்து தட்டை மாற்றுகிற ஆட்கள் ஒரு தலைமுறையே உருவானதற்கு இந்த மாதிரியான இடைவெளிகளும் ஒரு காரணம்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முக்கால்வாசி வேலை குளிப்பாட்டுவதுதான். சிரிக்காதீர்கள். காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் படச்சுருள் கழுவுகிறவர்கள் பயன்படுத்தும் திரவம் நாலு சொட்டு, மென்மையான பிரஷ், கடைசியில் வெறும் தண்ணீரில் ஒரு அலசல். பாட்டியின் கணவர் பைப் பிடிக்கிறவர். முதல் தட்டைக் கழுவியபோது வெள்ளைத் துணி டீத்தூள் வடிகட்டின மாதிரி ஆகிவிட்டது, அறையே புகையிலை வாசம். அறுபது வருஷத்துப் புகை பள்ளத்துக்குள் படிந்து கிடந்திருக்கிறது. நான் "சத்தம்" என்று நினைத்து மென்பொருளால் உருவிக்கொண்டிருந்ததில் பாதி இந்தப் புகைதான். கழுவிய பிறகு அதே டு ப்ரே தட்டை மறுபடி ஓட்டினேன். கரகரப்பு ஏறக்குறைய இல்லை. தண்ணீரில் போகிறதைக் கணக்குப் போட்டு எடுக்கப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஊசி. மோனோ எல்பி காலத்து ஊசிமுனை ஆரம் 25 மைக்ரான், ஸ்டீரியோ வந்தபின் 18 மைக்ரான், அதற்கும் சிறியவையும் நீள்வட்ட முனைகளும் இருக்கின்றன. பாட்டியின் கணவர் 1950-களில் கனமான கருவியில் ஒரே மாதிரி ஊசியால் ஓட்டி ஓட்டிப் பள்ளத்துச் சுவரில் ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தேய்த்துவிட்டிருப்பார். வேறு அளவு முனையைப் போட்டால் அது அந்தத் தேய்ந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ உரசும், அங்கே சுவர் புதுசாகவே இருக்கும். முதல்முறை இதைச் செய்து பார்த்தபோது எனக்குப் பேயைப் பார்த்த மாதிரி இருந்தது. இரைகிற அதே தட்டு, ஊசியை மாற்றியதும் தெளிந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு மோனோ தட்டுக்கும் மூன்று ஊசி மாற்றி மாற்றி ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதிவு செய்வேன்.

எதைச் செய்தாலும் போகாத ஒன்று, பக்கத்தின் கடைசி. தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் ஒரே சீராகத்தான் சுற்றுகிறது, ஆனால் வெளிவட்டத்தில் ஊசிக்கு அடியில் ஒரு விநாடிக்கு அரை மீட்டர் பள்ளம் ஓடுகிறது என்றால், உள்ளே லேபிள் பக்கம் வரும்போது இருபது சென்டிமீட்டர்தான். அதே இசையை அதில் பாதி இடத்துக்குள் நெருக்கி எழுத வேண்டும். சினிமாப் பாட்டுத் தட்டில் இது பெரிய பிரச்சினை இல்லை, கடைசிப் பாட்டாக மென்மையான ஒன்றைப் போட்டுவிடலாம். சிம்பொனியில் என்ன செய்வது? எழுதியவர் உச்சத்தை எங்கே வைத்திருக்கிறார்? கடைசியில்! டிரம்பெட், டிராம்போன், முரசு, எல்லாம் சேர்ந்து இடிக்கிற இடம் சரியாக அந்த நெருக்கடியான இருபது சென்டிமீட்டரில் வந்து விழுகிறது. வால்டனின் பித்தளை வாத்தியங்கள் கடைசி இரண்டு நிமிஷம் ஓட்டைத் தகரமாக ஒலிப்பதற்கு வால்டனைக் குறை சொல்ல முடியாது.

பித்தளை பற்றிச் சொன்னதும் இன்னொன்று. 'டிக்' சத்தங்களைத் தானாகக் கண்டுபிடித்து ஒட்டுப்போடுகிற வசதியை நம்பி விட்டுவிட்டால், டிரம்பெட்டின் கூர்மையான எடுப்பையும் கீறல் என்று நினைத்து மழுங்கடித்துவிடும். இயந்திரத்தைச் சொல்லிக் குற்றமில்லை, அலைவடிவத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கின்றன. அதனால் பித்தளை வருகிற பகுதிகளைக் கையால்தான் செய்கிறேன். ஒரு டிக்கைப் பெரிதாக்கிப் பார்த்து, அது தொடும் நாலைந்து புள்ளிகளை மட்டும் இருபுறத்தோடு சேர்த்துத் தைப்பது. ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் போய்விடும். கண் எரியும்.

இந்தத் தையல் வேலையில்தான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் கிடைத்தது. 1970-களில் ஈஎம்ஐ கம்பெனி, எல்கர் தானே நடத்திய, எல்பிக்கு முந்தைய 78 வேகப் பதிவுகளை எல்பி பெட்டிகளாகப் போட்டது. எல்கர் 1914-லேயே ஒலிப்பதிவுக்கு வந்துவிட்டவர், குழாய்க்குள் வாசிக்கிற காலம். அப்புறம் மைக் வந்ததும் தன் பெரிய படைப்புகளையெல்லாம் மறுபடி பதிந்தார். 1931 நவம்பரில் அபே ரோடு ஸ்டுடியோவைத் திறந்துவைத்ததே அவர்தான். அடுத்த வருஷம் ஜூலையில் அங்கேதான் பதினாறு வயது யெஹூதி மெனுஹினை வைத்து வயலின் கான்செர்ட்டோவைப் பதிந்தார். பதிவுக்கு முன்னால் பையன் வாசித்துக் காட்ட, கிழவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு எல்லாம் நன்றாகத்தான் இருக்கும் என்று சொல்லிக் குதிரைப் பந்தயத்துக்குக் கிளம்பிவிட்டார். மெனுஹினே பின்னாளில் பலமுறை சொன்ன கதை இது.

அந்தப் பெட்டி பாட்டியின் அலமாரியில் இருந்தது. இதில் சிக்கல் என்னவென்றால், அந்த எல்பியே ஒரு மாற்றம்தான். அரக்குத் தட்டிலிருந்து எல்பி, எல்பியிலிருந்து நான். ஆக இரண்டு தலைமுறை டிக் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கிறது. இதில் எதை எடுப்பது? ஒருநாள் சும்மா தாளம் போடுவது மாதிரி மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. எல்பி ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி. 78 தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 0.77 விநாடி. குறுக்கே ஒரு கீறல் விழுந்திருந்தால் சுற்றுக்கு ஒரு டிக். 1.8 விநாடிக்கு ஒருமுறை அடித்தால் அது இந்தத் தட்டின் கீறல், பாட்டியின் வீட்டில் நடந்தது. 0.77-க்கு ஒருமுறை படபடவென்று அடித்தால் அது 1930-களின் தட்டோடு வந்தது. விளம்ப காலமும் துரித காலமும் போல இரண்டும் தனித்தனியாகக் கேட்கின்றன. முதல் ரகத்தை எடுத்தேன், இரண்டாவதைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று கேட்டால், அந்த எல்பியைத் தயாரித்தவர் நல்ல காதும் என்னிடம் இல்லாத மூலத் தட்டுகளும் வைத்துக்கொண்டு, இவ்வளவு விட்டால்தான் வயலின் உயிரோடு இருக்கும் என்று யோசித்து விட்டுவைத்தது அது. அவர் முடிவை நான் ஏன் திருத்த வேண்டும்?

78 தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலு, நாலரை நிமிஷம்தான். அந்தக் கான்செர்ட்டோவுக்குச் சுமார் ஒரு டஜன் பக்கம். பக்கத்துக்குப் பக்கம் ஒட்டுப்போட்ட இடங்களை அந்த எல்பியில் தேடிப் பாருங்கள், பின்னணிச் சீறலின் நிறம் மாறுவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அவ்வளவு நேர்த்தி. 70-களில், கம்ப்யூட்டர் இல்லாமல், நாடாவையும் பிளேடையும் வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். நான் இங்கே திரையைப் பெரிதாக்கிப் பார்த்துக் கண் எரிகிறது என்று புலம்புகிறேன்.

சில விவரங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன், கேட்டு எழுதுகிறவர்களுக்காக. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் ஃபைல், ஒரு நிமிஷத்துக்கு 35 எம்பி பிடிக்கும், ஒரு எல்பிக்கு ஒன்றே முக்கால் ஜிபி பக்கம் வரும். கை வைக்காத மூலப் பதிவைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும், நான் டு ப்ரேயில் செய்த மாதிரி அதன்மேலேயே வேலை செய்து சேமித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்காரக் கூடாது. ஈக்வலைசேஷன் விஷயம் கொஞ்சம் வில்லங்கம். தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்தும் உயர்ந்த ஒலியைக் கூட்டியும் வெட்டுவார்கள், ஓட்டும்போது அதைத் தலைகீழாகச் சரிசெய்ய வேண்டும். 1954-ல் ஆர்ஐஏஏ என்று ஒரு பொது அளவு வந்தது. அதற்கு முன்னால் ஆளுக்கொரு அளவு. டெக்கா இங்கே பிரிட்டனில் எல்பி விற்க ஆரம்பித்தது 1950-ல், ஈஎம்ஐ 1952 வரை இழுத்தடித்தது. அந்த ஆரம்ப வருஷத்துத் தட்டுகளை இன்றைய ஆம்ப்ளிஃபயரில் அப்படியே போட்டால் வயலின் கீச்சிடலாம் அல்லது செல்லோ வீங்கலாம், தட்டைப் பழிக்காதீர்கள்.

சட்டமும் ஒரு வரி. இங்கே ஒலிப்பதிவுக்கு முன்பு 50 வருஷம் உரிமை இருந்தது, 2013 நவம்பரில் 70 ஆக்கினார்கள். ஏற்கெனவே காலாவதியானவற்றுக்கு உயிர் கொடுக்கவில்லை. அதனால் 1962 முடிய வெளியானவை தப்பித்தன, 1965-ன் டு ப்ரே மாட்டிக்கொண்டது. அது பதிவுக்கு மட்டும். எழுதியவருக்குத் தனிக் கணக்கு, இறந்து 70 வருஷம். எல்கர், ஹோல்ஸ்ட், டீலியஸ் மூவரும் சொல்லிவைத்த மாதிரி 1934-ல், பிப்ரவரி, மே, ஜூன் என்று நாலே மாதத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அதனால் அவர்கள் பொதுச்சொத்து. வான் வில்லியம்ஸ் 1958 வரை இருந்தார், ஆகவே 2028 முடியும்வரை அவர் பொதுச்சொத்து இல்லை. இதில் உச்சம் என்னவென்றால், சொந்தக் காசில் வாங்கிய தட்டைச் சொந்தமாகக் கேட்கப் பிரதி எடுக்கலாம் என்று 2014-ல் ஒரு விதிவிலக்கு கொண்டுவந்து, அடுத்த வருஷமே நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எனவே என்னுடைய சின்னக் குச்சி பாட்டியின் வீட்டைத் தாண்டிப் போகாது, யாரும் கேட்டு மெயில் போட வேண்டாம்.

ஹோல்ஸ்ட் பெயர் வந்ததால் ஒரு கிளைக்கதை. அலமாரியில் 'சாவித்ரி' என்று ஒரு தட்டு இருந்ததைப் பார்த்ததும் யாரோ நம் ஊர் ஆள் போலிருக்கிறது என்று எடுத்தேன். நம் சத்தியவான் சாவித்திரி கதைதான், ஹோல்ஸ்ட் அரை மணிநேர ஆப்பராவாக எழுதியது. 1960-களில் ஆர்கோ கம்பெனி வெளியிட்டது. அவர் மகள் இமோஜன் ஹோல்ஸ்ட் நடத்த, சாவித்திரியாக ஜேனட் பேக்கர். ஹோல்ஸ்ட் சம்ஸ்கிருதம் படித்து ரிக்வேதப் பாடல்களைத் தானே மொழிபெயர்த்து இசையமைத்த மனிதர், தட்டில் அவையும் கொஞ்சம் இருக்கின்றன. ஆப்பரா எப்படித் தொடங்குகிறது என்றால், எந்த வாத்தியமும் இல்லை, மேடைக்குப் பின்னாலிருந்து எமன் குரல் மட்டும் சாவித்திரியைக் கூப்பிடுகிறது. சுற்றிலும் நிசப்தம். தட்டு மாற்றுகிறவனுக்கு இதைவிடக் கொடுமையான தொடக்கம் இருக்க முடியாது, ஒரு தூசி இருந்தாலும் எமனோடு சேர்ந்து வருகிறது. அந்த இரண்டு நிமிஷத்துக்கு மட்டும் மூன்று முறை குளிப்பாட்டினேன்.

உறுமலுக்கு வருகிறேன்.

முதல் சந்தேகம் என் டர்ன்டேபிள்மேல். மோட்டார் உறுமல் என்றால் பாட்டு தொடங்குவதற்கு முந்தைய வெற்றுப் பள்ளத்திலும், முடிந்தபின் வரும் பள்ளத்திலும் இருக்க வேண்டும். இல்லை. அடுத்து, மோனோ தட்டுக்கு ஒரு நல்ல வசதி உண்டு. அதில் இசை பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கிறது, மேலும் கீழுமான அசைவு முழுக்கக் குப்பை. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (ஊசியைப் பிடித்திருக்கிற தலையில்) எடுத்து, ஒரு சேனலைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினால் இசை மறைந்து குப்பை மட்டும் மிஞ்சும். செய்து பார்த்தேன். சடசடப்பு மட்டும் மிஞ்சியது, உறுமல் இசையோடு சேர்ந்து மறைந்துவிட்டது. அப்படியென்றால் அது இசை இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. தட்டு வெட்டிய இயந்திரத்தின் உறுமலாக இருக்குமோ? அதுவானால் பக்கம் முழுக்க ஒரே அளவில் இருக்க வேண்டும், இப்படி வந்துவிட்டுப் போகாது.

கடைசிப் பரீட்சைக்கு இன்னொரு பிரதி வேண்டும். அதுவும் வேறு அச்சில் அடித்த பிரதி. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குட்டி எழுத்துகள் தெரியும். ஈஎம்ஐ தட்டென்றால் அச்சு எண்ணை 'கிராமோஃப் எல்டிடி' (GRAMOPH LTD) என்கிற பத்து எழுத்தால் குறிப்பார்கள், ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, அப்படியே போய் கடைசி எழுத்து டி பூஜ்யம். டெக்காவுக்கு 'பக்கிங்ஹாம்'. ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், சரியாகப் பத்து எழுத்து, ஒன்றுகூடத் திரும்ப வராது. நம் ஊர்க் கடைக்காரர்கள் பழைய நாளில் சரக்கின் மேல் வாங்கின விலையைச் சங்கேத எழுத்தில் எழுதி வைப்பார்களே, அதே புத்தி! பாட்டியின் பிரதியில் ஒரு எழுத்து. மூன்று வாரம் சாரிட்டி கடைகளாக ஏறி இறங்கி, இரண்டு பவுண்டுக்கு, அட்டை கிழிந்து ஒரு பக்கம் மட்டும் கேட்கிற நிலையில் இன்னொரு பிரதி கிடைத்தது. கடையிலேயே ஃபோன் விளக்கைப் போட்டுச் சாய்த்துப் பார்த்தேன், வேறு எழுத்து. வீட்டுக்கு வந்து குளிப்பாட்டக்கூடப் பொறுமை இல்லாமல் ஓட்டினேன். அதே அடியில், அதே ஸ்வரத்துக்குக் கீழே, வருகிறது, பெருகுகிறது, போகிறது.

ரயில்தான். கிங்ஸ்வே ஹால் ஹோல்பர்னில் 1912-ல் மெத்தடிஸ்டுகள் கட்டிய பிரார்த்தனைக் கூடம். ஒலி அவ்வளவு நன்றாக இருக்கும் என்று 1926-லிருந்து 1984 வரை ஈஎம்ஐயும் டெக்காவும் மாறி மாறி அங்கே போய்ப் பதிந்தார்கள். கூடத்துக்கு அடியில் லண்டன் சுரங்க ரயிலின் பிக்கடில்லி லைன். நன்றாக அமைந்த வாசிப்பில் ரயில் வந்துவிட்டால் என்ன செய்வது? பல நேரம் வாசிப்பை வைத்துக்கொண்டு ரயிலையும் சேர்த்தே வெளியிட்டுவிட்டார்கள். அந்தக் காலத்துச் சின்ன ஸ்பீக்கர்களில் பெரும்பாலோருக்கு அது கேட்டிருக்கவும் செய்யாது. ஹாலை 1998-ல் இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே ஹோட்டல். ஹோல்பர்னிலிருந்து ஆல்ட்விச்சுக்குப் போன பிக்கடில்லி லைனின் கிளைப்பாதையையும் 1994-லேயே மூடிவிட்டார்கள். ஆக ஹாலும் இல்லை, அந்தப் பக்கம் போன ரயிலும் இல்லை, இரண்டும் இந்தப் பள்ளத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

50 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு வெட்டுப் போட்டால் ரயில் போய்விடும். டபிள்பாஸின் அடிவயிற்றுச் சத்தமும் கூடவே போய்விடும். போடவில்லை. பாட்டியிடம் சொன்னபோது, எந்த ரயில் என்று கேட்டார். பிக்கடில்லி என்றேன். அவர் கணவர் வேலைக்குப் போனது அதில்தானாம், எப்போது பார்த்தாலும் தாமதமாகத்தான் வருமாம். இதுவும் சங்கீதத்துக்கு நடுவில் வந்து நிற்கிறதா என்று சிரித்தார். மற்றபடி அவருக்கு இந்தச் சங்கீதத்தில் பெரிய பிரியம் ஒன்றும் இல்லை என்பது எனக்கு இரண்டாவது வருஷம்தான் தெரிந்தது. எல்கர் பரவாயில்லை, டீலியஸ் ஆகவே ஆகாது, அவர் டீலியஸ் போட்டால் நான் தோட்டத்துக்குப் போய்விடுவேன் என்றார். அப்புறம் எதற்கு எல்லாவற்றையும் மாற்றச் சொன்னீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

இந்த வாரம் ஓடிக்கொண்டிருப்பது வான் வில்லியம்ஸின் ஒன்பதாவது சிம்பொனி. எவரெஸ்ட் என்ற அமெரிக்கக் கம்பெனிக்காக ஏட்ரியன் போல்ட் லண்டன் வால்தம்ஸ்டோவில் பதிந்தது, 1958 ஆகஸ்ட் 26. சில வருஷம் முன்பு இதே போல்ட் டெக்காவுக்கு மற்ற சிம்பொனிகளைப் பதிந்தபோது கிழவர் வான் வில்லியம்ஸ் கூடவே வந்து உட்கார்ந்திருந்தார். இந்தப் பதிவுக்கும் வருவதாக இருந்தது. அன்று அதிகாலையில் இறந்துவிட்டார், எண்பத்தைந்து வயது. போல்ட் அதைத் தன் குரலிலேயே, நிதானமாக, இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்குகிறார். அந்தப் பேச்சும் பதிவோடு இருக்கிறது.

பேச்சு முடிந்து ஆர்கெஸ்ட்ரா எடுப்பதற்கு நடுவில் சில விநாடி ஒன்றும் இல்லை. வெறும் பள்ளம். என் பிரதியில் அந்த இடத்தில் மெல்லிய சீறலும் இரண்டு டிக்கும். மென்பொருளில் அந்த இடத்தைத் தேர்ந்து ஒரு பொத்தானைத் தட்டினால் சுத்தமான பூஜ்யம் ஆகிவிடும், எல்லா சிடியிலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். பூஜ்யம் ஆக்கிக் கேட்டுப் பார்த்தேன். போல்ட் பேசிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்ட மாதிரியும், வேறு எங்கோ ஒரு ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிற மாதிரியும் இருந்தது. திரும்ப எடுத்துவிட்டேன். டிக் இரண்டையும் கையால் தைத்தேன், சீறலை அப்படியே விட்டேன்.

இதுவரை அறுபத்து நாலு தட்டு. அலமாரியில் இன்னும் நூற்றுக்குக் குறையாது. அடுத்த சனிக்கிழமை டீலியஸ், பாட்டி கேட்கப்போவதில்லை என்றாலும்.